ஒரே அடுப்பு, இரண்டு பானை: பழைய வீட்டுக் கணினிக்கு மல்டிடாஸ்கிங் எதற்கு?

என் அக்கா மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். பகலெல்லாம் ஒரு கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிறான், ராத்திரியில் பழைய கணினி தேடுகிறான். போன மாதம் ஒரு பெரியவர் வீட்டு கராஜில் மூன்று பெட்டிகளைப் பார்த்துவிட்டு வந்து எனக்குப் போன் போட்டான். ஓர் அமிகா 500, ஓர் அட்டாரி 520 எஸ்டிஎஃப்எம், ஒரு சின்க்ளேர் க்யூஎல். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே விலை. ஆனால் வீட்டில் ஒன்றுக்குத்தான் இடம். இரண்டாவது பெட்டி உள்ளே வந்தால் நான் பெட்டி கட்டிவிடுவேன் என்று அவன் மனைவி சொல்லியிருக்கிறாளாம்.

“மாமா, மூன்றில் அட்டாரி எஸ்டிக்கு மட்டும்தான் மல்டிடாஸ்கிங் இல்லையாம். அப்போ அதைக் கழித்துவிடலாம் இல்லையா?” என்று கேட்டான்.

அவசரப்படாதே என்றேன். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். 1980களின் கணினி ஒன்றை வாங்கலாமா, எமுலேட்டரில் (இன்றைய கணினியைப் பழைய கணினியாக நடிக்க வைக்கும் மென்பொருள்) எதை ஓட்டிப் பார்க்கலாம் என்று யோசிக்கிற வேறு யாருக்காவது உதவினாலும் சரிதான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்த மூன்றில் எதையும் அந்தக் காலத்தில் நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை. நான் தொட்ட முதல் கணினி பள்ளிக்கு வந்த பிபிசி மைக்ரோ. 1984-ல் மத்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த அதே பெட்டி. நாலு பேருக்கு ஒரு கீபோர்டு, என் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். மற்றதெல்லாம் பின்னால் எமுலேட்டரிலும் ஒன்றிரண்டு நண்பர்களின் அசல் பெட்டிகளிலும் பழகியது. அதனால் எனக்கு இளமைக்கால விசுவாசம் என்று எதன்மீதும் கிடையாது. அமிகாக்காரர்களும் எஸ்டிக்காரர்களும் இன்னும் போட்டுக்கொள்கிற சண்டையில் நான் வேடிக்கை பார்ப்பவன்.

மல்டிடாஸ்கிங் என்றதும் கணினி ஒரே நேரத்தில் பல வேலை பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறோம். அந்தக் காலத்து வீட்டுக் கணினியில் அப்படி எதுவும் நடக்கவில்லை, இருந்தது ஒரே ஒரு புராசஸர். நம் சதாவதானியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், இன்னொருவர் முதுகில் நெல்லை எறிந்துகொண்டே இருப்பார், மூலையில் யாரோ மணி அடிப்பார்கள். செய்குத்தம்பிப் பாவலருக்கு நூறு மனம் இருக்கவில்லை. ஒரே மனம்தான், விட்ட இடத்தை மறக்காமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. கணினியும் அப்படித்தான். ஒரு நிரலைக் கண்ணிமைக்கும் நேரம் ஓட்டி, விட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்ததை எடுக்கும்.

தாவச் சொல்வது யார் என்பதில்தான் ரகம் பிரிகிறது. அமிகாவின் சிஸ்டத்துக்கு உள்ளே இருக்கும் ‘எக்ஸெக்’, கார்ல் சாசென்ராத் எழுதியது. க்யூஎல்லின் சிஸ்டமான ‘க்யூடாஸ்’, டோனி டெபி எழுதியது. இரண்டும் பிடுங்கிக் கொடுக்கிற ரகம். நிரலுக்கு இஷ்டமோ இல்லையோ, நேரம் முடிந்ததும் புராசஸர் கை மாறிவிடும். மக்கின்டாஷில் 1987-ல் வந்த மல்டிஃபைண்டர், 1985-ல் வந்த முதல் விண்டோஸ், ஆர்க்கிமிடீஸ் கணினியின் ரிஸ்க் ஓஎஸ் 2 இவையெல்லாம் விட்டுக்கொடுக்கிற ரகம். ஓடுகிற நிரலாகப் பார்த்து ‘சரி, நீ கொஞ்சம் ஓட்டு’ என்றால்தான் அடுத்ததற்கு வாய்ப்பு. பழைய மக்கில் ஒரு மெனுவை மவுஸால் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்தால் பின்னணியில் ஓடுவதெல்லாம் மரியாதையாக நின்று காத்திருக்கும்.

எஸ்டியில் இரண்டு ரகமும் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு நிரல். கூடவே கால்குலேட்டர், கடிகாரம் மாதிரி ‘டெஸ்க் அக்சஸரி’ என்ற குட்டி நிரல்கள், அதிகம் போனால் ஆறு. அவ்வளவுதான்.

காகிதத்தில் பார்த்தால் மருமகன் சொன்னது சரி. எஸ்டியைக் கழித்துவிடலாம்.

ஆனால் அந்தக் காலத்துக் கணினிக்காரர் எங்கே நேரத்தை இழந்தார் என்று பார்க்க வேண்டும். கணக்குப் போடுவதிலா? இல்லை, காத்திருப்பதில். சின்க்ளேரின் ஸ்பெக்ட்ரம் கணினியில் 48 கேபி விளையாட்டைக் கேசட்டிலிருந்து ஏற்ற ஐந்து நிமிடம் கிட்ட ஆகும், அதுவரை திரை ஓரத்தில் கோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அழகான எழுத்தில் அடிக்கும்போது விநாடிக்கு இருபது இருபத்தைந்து எழுத்துக்கு மேல் போகாது. பக்கத்துக்கு 2000 எழுத்து என்றால் பத்துப் பக்கத்துக்குக் கால் மணி நேரம். மோடம் அதைவிட மோசம். 2400 பாட் மோடத்தில் விநாடிக்கு 240 எழுத்துதான் வரும். 880 கேபி பிடிக்கும் ஓர் அமிகா பிளாப்பியை நிரப்புகிற அளவுக்கு எதையாவது இறக்கினால், கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் தாண்டிவிடும்.

அந்த ஒரு மணி நேரமும் புராசஸர் என்ன செய்கிறது? விநாடிக்கு 240 தடவை எட்டிப் பார்த்து ஓர் எழுத்தை எடுத்து வைக்கிறது. விநாடிக்கு எழுபது லட்சம் துடிப்பு துடிக்கிற அமிகாவின் 68000 புராசஸருக்கு அது கொட்டாவி விடுகிற நேரம். மீதி நேரமெல்லாம் சும்மா கிடக்கிறது, ஆனால் உங்களுக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறது. மல்டிடாஸ்கிங்கின் லாபம் முழுவதும் இந்த இடத்தில்தான். புராசஸரையே தின்கிற இரண்டு வேலைகளைச் சேர்த்து ஓட்டினால் லாபம் ஒன்றுமில்லை. பத்து நிமிட வேலை இரண்டைச் சேர்த்து ஓட்டினால் இருபது நிமிடம்தான் ஆகும், தாவுகிற செலவு வேறு மேலே.

எங்கள் வீட்டில் ரொம்ப நாள் ஒரே பர்னர் ஸ்டவ்தான். அதில் அம்மா சாதம், குழம்பு, ரசம், பொரியல் எல்லாம் முடித்துவிடுவாள். உலை கொதிக்கிற நேரத்தில் காய் நறுக்குவது, சாதம் வடிகிற நேரத்தில் தாளிப்பது. அடுப்பு ஒன்று என்பது அவளுக்குப் பெரிய குறையாக இருந்ததில்லை. இறக்கிய பானையை வைக்க மேடையில் இடம் இல்லாததுதான் அவளுடைய நிரந்தரப் புலம்பல்.

பழைய கணினியிலும் மேடைதான் பிரச்சினை. அதாவது நினைவகம்.

க்யூஎல்லை எடுத்துக்கொள்ளலாம். 1984 ஜனவரி 12-ல், மக்கின்டாஷுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால், 399 பவுண்டு விலையில் அறிமுகமானது. அந்த விலைக்குப் பிடுங்கிக் கொடுக்கிற மல்டிடாஸ்கிங் என்பது அன்றைக்கு ஆச்சரியம்தான். (அவசர அவசரமாக அறிவித்ததில் ஆரம்பத்தில் வந்த பெட்டிகளுக்குள் ரோம், அதாவது சிஸ்டத்தை எழுதிவைத்த சிப், முழுசாக அடங்கவில்லை. மீதி ரோம் பெட்டியின் பின்னால் வால் மாதிரி தொங்கியது. அது வேறு கதை.) நினைவகம் 128 கேபி. அதில் 32 கேபியைத் திரையே எடுத்துக்கொள்ளும். க்யூடாஸும் தனக்குக் கொஞ்சம் வைத்துக்கொள்ளும். கூடவே இலவசமாக வந்தவை சயான் கம்பெனியின் நாலு நிரல்கள். க்வில் எழுதுவதற்கு, அபாகஸ் கணக்குத் தாளுக்கு, ஆர்க்கைவ் தகவல் சேமிக்க, ஈசல் வரைபடத்துக்கு. நாலும் நல்ல நிரல்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் தான் ஒருத்தி மட்டுமே மருமகள் என்பதுபோல இருக்கிற இடத்தையெல்லாம் பரப்பிக்கொண்டு உட்காரும். ஆக, மல்டிடாஸ்கிங் உள்ள கணினியில், கூட வந்த நிரல்களில் இரண்டைச் சேர்த்து ஓட்ட முடியாது. கூடுதல் நினைவகம் வாங்கிப் பொருத்தியவர்களுக்குத்தான் டோனி டெபியின் வேலையின் அருமை தெரிந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. க்யூஎல்லில் ஒரு நிரல் எழுதிய இடத்தின் மேல் இன்னொன்று எழுதினால் அடியில் இருந்தது அழிந்தே போகும். தாவுவது எப்படி என்று க்யூடாஸுக்குத் தெரியும். மறைந்ததைத் திரும்பக் காட்டத் தெரியாது. பின்னால் தனியாக மென்பொருள் வந்துதான் அது சரியானது. சேமிப்பதற்கு மைக்ரோடிரைவ் என்ற குட்டி நாடா, ஒன்றில் நூறு கேபி. ஒரு நேரத்தில் ஒரு நிரல் கேட்டாலே அது முழு நாடாவையும் சுற்றித் தேடிக் கொடுக்கும்.

அமிகா இதையெல்லாம் யோசித்துச் செய்யப்பட்டது. முதல் அமிகா 1985 ஜூலையில் நியூயார்க்கில் அறிமுகமானது. மருமகன் பார்த்த 500 அதன் மலிவு வடிவம், 1987-ல் வந்தது. ஒவ்வொரு நிரலும் தனக்கென ஒரு முழுத் திரையே வைத்துக்கொள்ளலாம். மேல் விளிம்பை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் பின்னால் இருக்கும் வேறொரு நிரலின் திரை தெரியும். ஒன்று 32 நிறத்தில், இன்னொன்று நான்கு நிறத்தில் இருந்தாலும் அதே கண்ணாடியில் மேலும் கீழுமாக நிற்கும். இன்றைக்கு முதல்முறை பார்ப்பவர்களும் இதைச் செய்து காட்டினால் வாய் பிளக்கிறார்கள். நானே தனியாக உட்கார்ந்து திரையை மேலும் கீழும் இழுத்து விளையாடியிருக்கிறேன்.

ஆனால் திரைக்கு விலை உண்டு. ஐரோப்பிய அமிகாவில் 320-க்கு 256 புள்ளி, 32 நிறம் என்றால் 50 கேபி. டீலக்ஸ் பெயின்ட் மாதிரி படம் வரைகிற நிரல் ஒன்று கைவசம் இன்னொரு பக்கமும் வைத்துக்கொண்டால் 100. அகலத் திரையில் 16 நிறம் என்றால் 80. பெட்டியோடு வந்தது 512 கேபி. அதில் சிஸ்டத்துக்கு ஒரு பங்கு, நிரலுக்கு ஒரு பங்கு, படத்துக்கு ஒரு பங்கு. வொர்க்பெஞ்ச் என்ற அமிகா டெஸ்க்டாப் திரையின் உச்சியில் மீதி எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்று எண்ணாகவே போட்டிருப்பார்கள். பெட்ரோல் முள் மாதிரி அதைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். ஒப்பிட்டால், எஸ்டியின் திரைக்கு எப்போதும் 32 கேபிதான். அதே 512 கேபியில், ஒரே ஒரு நிரலுக்கு, எஸ்டியில் கை கால் நீட்ட இடம் அதிகம்.

அடுத்தது பிளாப்பி. 500-ல் உள்ளே ஒரு டிரைவ்தான். இரண்டு நிரல் ஓடுகிறது என்றால் இரண்டும் தன் தன் பிளாப்பியைக் கேட்கும். ‘வொர்க்பெஞ்ச் பிளாப்பியைப் போடு’ என்று திரையில் கேட்கும், போடுவீர்கள். உடனே ‘இப்போது மற்றதைப் போடு’ என்று கேட்கும். மறுபடி அது. இரண்டும் ஒரே பிளாப்பியில் இருந்தால் வேறு கூத்து. டிரைவின் தலை ஒரு நிரலுக்காக உள்ளே ஓடும், அடுத்த நிரலுக்காக வெளியே ஓடும், சர்ரக் சர்ரக் என்று அரைத்துக்கொண்டே இருக்கும். ஒன்றன்பின் ஒன்றாகப் படித்திருந்தால் எப்போதோ முடிந்திருக்கும். எக்ஸெக் எவ்வளவு சாமர்த்தியமாகத் தாவினாலும் பிளாப்பித் தலைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

இதற்கெல்லாம் மருந்து இருந்தது. அமிகா 500-ன் வயிற்றில் ஒரு சின்னக் கதவு உண்டு, அதில் இன்னொரு 512 கேபி அட்டை செருகலாம். வெளியே இரண்டாவது டிரைவ் மாட்டலாம். காசு இருந்தால் ஹார்ட் டிஸ்க். ஆனால் 1988-ல் நினைவகச் சிப்புக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு, விலை ஏறிக் கிடந்தது. மல்டிடாஸ்கிங் பெட்டியோடு இலவசம், அது ஓடுவதற்கு வேண்டிய இடம் தனி பில். கல்யாண மண்டபத்தை இலவசமாகக் கொடுத்துவிட்டு நாற்காலிக்கு வாடகை கேட்பதுபோல.

சரி, காசு போட்டு எல்லாம் வாங்கியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அப்புறமும் ஒரு பயம் பாக்கி இருக்கிறது. 68000-ல் ஒரு நிரலின் நினைவகத்தை இன்னொன்று தொடாமல் காக்கும் வேலி கிடையாது. அமிகாவில் நீங்கள் பாட்டுக்கு ஒரு திரையில் கடிதம் எழுதிக்கொண்டிருப்பீர்கள், பின்னால் எங்கிருந்தோ இறக்கிய ஒரு குட்டி நிரல் ஓடிக்கொண்டிருக்கும். அது தப்பான இடத்தில் கை வைத்தால், திரை கறுத்து, மேலே சிவப்புப் பெட்டி மின்னும். ‘குரு மெடிட்டேஷன்’. கடிதம் போச்சு. எஸ்டியில் நிரல் கவிழ்ந்தால் திரையில் வரிசையாகக் குண்டுகள் தோன்றும், பல நேரம் அப்படியே டெஸ்க்டாப்புக்கு வந்துவிடலாம். போனது அந்த ஒரு நிரலின் வேலை மட்டும். அதைவிட முக்கியம், எஸ்டியில் அடுத்த நிரலுக்குப் போக வேண்டும் என்றால் முதலில் இருப்பதைச் சேமித்துவிட்டு வெளியே வந்தாக வேண்டும். ஒழுக்கத்தை அந்தக் கணினி வலுக்கட்டாயமாகக் கற்றுக்கொடுத்தது. அமிகாவில் ஆறு வேலையைத் திறந்துபோட்டு ஒன்றையும் சேமிக்காமல் திரியலாம். நான் திரிந்திருக்கிறேன், எமுலேட்டரில்தான் என்றாலும் வயிறு எரிந்தது உண்மை.

அமிகாவில் கவிழ்ந்த நிரல் பிடித்துவைத்திருந்த நினைவகத்தைத் திரும்ப வாங்கவும் வழி இல்லை. முழுசாக முடக்கிப் போடாமல் ஒரு நிரல் மட்டும் செத்தால், அதன் இடம் திரும்ப பூட் பண்ணும் வரை அப்படியே பூட்டிக் கிடக்கும். வாடகை கொடுக்காத ஆள் சாவியோடு ஊரைவிட்டுப் போன மாதிரி.

இதுவரை எழுதியதைப் படித்தால் நான் எஸ்டி கட்சி என்று தோன்றும். அப்படி இல்லை. அந்தக் காலத்து ஆட்களுக்கு உண்மையில் என்ன தேவைப்பட்டது என்பதுதான் என் கேள்வி. இரண்டு நிரல் ஒரே நேரத்தில் ஓடுவதா, இரண்டு நிரல் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதா? இரண்டும் வேறு வேறு.

கடிதம் எழுதும்போது ஒரு கூட்டல் கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கு நடக்கும்போது கடிதம் தானாக நீளப்போவதில்லை. அது சும்மா நின்றால் போதும், திரும்பி வரும்போது விட்ட இடத்தில் இருந்தால் போதும். இதற்கு மல்டிடாஸ்கிங்கே வேண்டாம், எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் இருந்தால் சரி. ஐபிஎம் பிசிக்கு போர்லண்ட் 1984-ல் சைட்கிக் என்று ஒன்று விற்றது. பிசியின் சிஸ்டமான டாஸில் என்ன ஓடிக்கொண்டிருந்தாலும் ஒரு விசையை அழுத்தினால் மேலே நோட்டுப் புத்தகமும் கால்குலேட்டரும் வந்து நிற்கும். ஆட்கள் பாய்ந்து பாய்ந்து வாங்கினார்கள். மக்கில் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் 1985-ல் ஸ்விட்சர் எழுதினார். 512 கேபியைப் பங்கு போட்டு நிரல்களை வைத்து, ஓர் அம்புக்குறியைத் தட்டினால் திரை பக்கவாட்டில் வழுக்கி அடுத்த நிரலுக்குப் போகும். எஸ்டியின் டெஸ்க் அக்சஸரியும் இதே தேவையைத்தான் தீர்த்தது. பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே ஜாஸ்தி.

பின்னணியில் உண்மையாகவே ஓட வேண்டியவற்றுக்கும் சிக்கன வழி இருந்தது. எங்கள் பள்ளி பிபிசி மைக்ரோவுக்கு 32 கேபி நினைவகம், இரண்டு மெகாஹெர்ட்ஸ் 6502 புராசஸர். அதில் சவுண்ட் கட்டளைகளை நாலைந்து அடுக்கிவிட்டால் அவை வரிசையில் நின்று தானாக இசைக்கும், நிரல் தன் வழியில் போய்க்கொண்டே இருக்கும். கடிகாரம் விநாடிக்கு நூறு தடவை புராசஸரைத் தட்டி ‘அடுத்த சுரத்தைப் பார்’ என்று சொல்வதுதான் ரகசியம். டாஸின் இரண்டாம் பதிப்பிலேயே பிரிண்ட் என்ற கட்டளை பின்னணியில் அச்சடிக்கும். கமடோர் 64 கணினியின் 1541 பிளாப்பி டிரைவுக்குள் தனியாக ஒரு 6502 உட்கார்ந்திருந்தது, டிரைவே ஒரு கணினி. (அப்படி இருந்தும் அது நத்தை வேகத்தில் போனது என்பது தனிச் சோகம்.) அமிகாவிலேயே கூட, பாட்டு ஓடும்போது ஓசையை எடுத்துத் தருவது பவுலா என்ற சிப்தான். புராசஸர் மேற்பார்வை மட்டும்.

ஆகவே மல்டிடாஸ்கிங் என்று நாம் கொண்டாடுவதில் முக்கால்வாசியை மற்றவர்கள் வேறு வழியில் சில்லறைக்கு வாங்கிவிட்டார்கள். மீதி கால்வாசி? அதை அமிகா தவிர யாராலும் அந்த விலைக்குத் தர முடியவில்லை. அந்தக் கால்வாசிதான் சுவாரசியம்.

மோடம் கதையை ஏற்கெனவே சொன்னேன். இரண்டாவது, படம் வார்ப்பது. முப்பரிமாணப் படம் ஒன்றைக் கதிர் கதிராகக் கணக்குப் போட்டு வரைய ஒரு ராத்திரி போகும். எக்ஸெக்கில் ஒவ்வொரு வேலைக்கும் முன்னுரிமை எண் கொடுக்கலாம். அதைப் பூஜ்யத்துக்குக் கீழே இறக்கிவிட்டால், நீங்கள் யோசிக்கிற நேரத்தில் மட்டும் அது கணக்குப் போடும், நீங்கள் விசையைத் தட்டியதும் ஒதுங்கிக்கொள்ளும். தட்டச்சுச் செய்கிற மனிதர் புராசஸரின் கண்ணுக்கு எப்போதுமே தூங்குகிறவர்தான். அந்தத் தூக்கத்தையெல்லாம் சேர்த்தால் ஒரு படம் வந்துவிடுகிறது.

மூன்றாவது, நிரல் எழுதுவது. ஒரு ஜன்னலில் எடிட்டர், இன்னொன்றில் அதைக் கணினி மொழிக்கு மாற்றுகிற கம்பைலர், மூன்றாவதில் நீங்கள் எழுதியது ஓடுகிறது. எஸ்டியில் எடிட்டரை மூடி, கம்பைலரைத் திறந்து, பிழை வந்த வரி எண்ணைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, மறுபடி எடிட்டர். மருமகனின் தொழிலே இதுதான் என்பதால் அவனுக்கு இது உறைக்கும். ஒரு மெகாபைட்டும் இரண்டாவது டிரைவும் இருந்தால் அமிகாவில் இது சுகமாகப் போகும். 512 கேபியில் போகாது, மேலே சொன்ன பிளாப்பிக் கூத்துதான்.

நான்காவதுதான் எனக்குப் பிடித்தது, ஏரெக்ஸ். வில்லியம் ஹாஸ் 1987-ல் எழுதியது, அமிகா சிஸ்டம் 2.0-வில் பெட்டியோடேயே சேர்த்துவிட்டார்கள். நிரல்கள் ஒன்றோடொன்று பேச வைக்கிற மொழி. எடிட்டரிலிருந்து ஒரு கட்டளையில் கம்பைலரைக் கூப்பிடலாம், படம் வரைகிற நிரலுக்கு வெளியிலிருந்து ‘இந்த நாற்பது படத்தையும் சின்னதாக்கு’ என்று சொல்லலாம். நிரல்கள் வெறுமனே பக்கத்துப் பக்கத்தில் குடியிருப்பதால் பெரிய பயன் இல்லை, ஒன்றுக்கொன்று பேச்சு வார்த்தை இருக்க வேண்டும். அமிகாவின் மல்டிடாஸ்கிங்கிற்கு அர்த்தம் வந்ததே இதற்குப் பிறகுதான் என்பது என் கட்சி.

இதில் வேடிக்கை என்னவென்றால், அமிகா 500 வாங்கிய வீடுகளில் பெரும்பாலும் அது விளையாட்டு ஓட்டியது. அந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவை பிளாப்பியிலிருந்து நேரே பூட் ஆகும். ஆனதும் முதல் காரியமாக எக்ஸெக்கின் கழுத்தைப் பிடித்து ஓரமாகத் தள்ளிவிட்டு, சிப்புகளைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும். அவ்வளவு அருமையான மல்டிடாஸ்கிங் கணினியில் முக்கால்வாசி நேரம் அந்த மல்டிடாஸ்கிங் உயிரோடு இல்லை. விளையாடத்தான் வாங்குகிறாய் என்றால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு விளையாட்டுப் பட்டியலைப் பார்த்து வாங்கு என்றுதான் மருமகனிடம் சொன்னேன்.

எஸ்டி பக்கம் என்ன இருக்கிறது? ஒற்றை வேலையைச் சுத்தமாகச் செய்வது. அதன் பக்கவாட்டில் இசைக் கருவிகளைக் கணினியோடு இணைக்கும் மிடி துளைகள் கூடவே வந்தன. மிடி விநாடிக்கு 31,250 பிட் வேகம், ஒரு சுரத்தை அனுப்ப ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி. தாளம் பிசகாமல் இருக்க வேண்டுமென்றால் அந்த ஒரு மில்லி விநாடியில் வேறு யாரும் குறுக்கே வரக் கூடாது. பின்னால் வேறு நிரல் எதுவும் இல்லாத எஸ்டியில் அந்தக் கவலையே இல்லை, அதனால்தான் ஸ்டூடியோக்காரர்கள் அதைக் கட்டிக்கொண்டார்கள். 1989-ல் க்யூபேஸ் என்ற இசை நிரல் முதலில் வந்தது எஸ்டிக்குத்தான். இசைக்கிறபோதே திரையில் திருத்தம் செய்ய வேண்டுமே என்று அதை எழுதிய ஸ்டெயின்பர்க் கம்பெனி தன் நிரலுக்குள்ளேயே சொந்தமாக ஒரு குட்டி மல்டிடாஸ்கிங் எழுதிக்கொண்டது. இந்தத் தீர்வுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. தாவத் தெரிந்திருக்க வேண்டியது எந்த வேலைக்கோ அந்த வேலைக்குள் மட்டும் தாவுதல்.

எழுத்து வேலைக்கும் எஸ்டியை நான் குறைத்துப் பேச மாட்டேன். அதன் கறுப்பு வெள்ளை மானிட்டரில் 640-க்கு 400 புள்ளி, விநாடிக்கு எழுபது தடவைக்கு மேல் புதுப்பிக்கும், காகிதம் மாதிரி அசையாமல் நிற்கும். அமிகாவில் அத்தனை வரி வேண்டுமென்றால் சாதாரண மானிட்டரில் திரை மினுங்கும். ஒரு மணி நேரம் படித்தால் கண் கெஞ்சும். ஆறு நிரல் ஓடுகிறது என்பதற்காகக் கண்ணைக் கொடுக்க முடியுமா?

க்யூஎல்லைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பயன் என்றால் வேலை முடிப்பது மட்டுமா? ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பையன் க்யூஎல் வைத்துக்கொண்டுதான் சிஸ்டத்தின் உள்ளே எட்டிப் பார்க்கப் பழகினார். 1991-ல் 386 புராசஸர் உள்ள கணினி வாங்கியதும் அவர் எழுதிப் பார்த்தது இரண்டு வேலைகள் மாறி மாறி ஓடுவதைத்தான். ஒன்று திரையில் ஏ ஏ ஏ என்று எழுதும், மற்றது பி பி பி என்று எழுதும். அதுதான் வளர்ந்து லினக்ஸ் என்ற சிஸ்டம் ஆனது. கற்றுக்கொள்வதற்கு என்றால் க்யூஎல் தங்கம், ஏனென்றால் அதில் மறைப்பதற்கு இடமே இல்லை. இதைவிடச் சின்னதாகவும் பார்க்கலாம். அமெரிக்காவில் ரேடியோ ஷாக் விற்ற கலர் கம்ப்யூட்டரில், 64 கேபியில், ஒரு மெகாஹெர்ட்ஸ்கூட இல்லாத 6809 புராசஸர் மேல் ஓஎஸ்-9 என்ற சிஸ்டம் ஓடியது. கட்டளையின் கடைசியில் ஒரு குறி போட்டால் அந்த வேலை பின்னணிக்குப் போய்விடும். நினைத்த இடத்தில் அடுக்கை (ஸ்டாக், விட்ட இடத்தைக் குறித்துவைக்கும் நினைவகப் பகுதி) வைக்க விடுகிற 6809-ல் அது சாத்தியம். அடுக்குக்கு 256 பைட் மட்டும் அளந்து கொடுக்கிற 6502-ல் அதையே செய்யப் போனால் மண்டை காய்ந்துவிடும்.

ஆனால் பழைய க்யூஎல் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மைக்ரோடிரைவ் நாடாவை அழுத்திப் பிடிக்கும் கம்பளித் துணுக்கு இத்தனை வருடத்தில் உதிர்ந்திருக்கும், கீபோர்டின் அடியில் இருக்கும் மெல்லிய படலம் மடங்கின இடத்தில் உடைந்திருக்கும். இரண்டும் மாற்றக் கிடைக்கிறது. கையில் ஸ்குரூ டிரைவரோடு சந்தோஷமாக இருக்கிற ஆளுக்குத்தான் அது. மருமகனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. எமுலேட்டரில் க்யூடாஸைப் பார்த்துக்கொள் என்று அதை முதலில் கழித்தேன். அவன் கழிக்க நினைத்தது எஸ்டியை, நான் கழித்தது க்யூஎல்லை.

மிச்சம் இரண்டு. அவனிடம் கேட்டேன், பத்தாம் வகுப்பில் வாங்கிய கீபோர்டு இன்னும் வைத்திருக்கிறாயா, வாசிக்கிறாயா? வைத்திருக்கிறான், வாசிப்பதில்லை. அப்போ எஸ்டியின் பெரிய பலம் அவனுக்குப் பாதிதான். நிரல் எழுதிப் பார்ப்பாயா? பார்ப்பானாம், 68000 அசெம்பிளி கற்க ஆசையாம். அப்படியென்றால் தராசு அமிகா பக்கம் சாய்கிறது. ஆனால் வெறும் 512 கேபி அமிகா பக்கம் இல்லை.

அதனால் அவனிடம் நான் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான். பெரியவரிடம் கேட்டு அந்த அமிகாவைத் தலைகீழாகத் திருப்பு. வயிற்றில் உள்ள சின்னக் கதவைத் திற. உள்ளே அட்டை இருந்தால் பாட்டரி பக்கம் பச்சையாகப் பூத்திருக்கிறதா பார், அந்த பாட்டரி கசிந்து அட்டையையே அரித்துவிடும். அட்டை சுத்தமாக இருந்தால் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு வா, இரண்டாவது டிரைவ் பின்னால் தேடிக்கொள்ளலாம். கதவுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்றால், அமிகாவை அப்படியே திருப்பி வைத்துவிட்டு, எஸ்டியோடு கறுப்பு வெள்ளை மானிட்டரும் சேர்த்துத் தருவாரா என்று கேள்.